‘பளம்’ என்று எழுதும் பிள்ளை: வீட்டில் வாசிப்பு, கேள்வி பதில்

அம்பாசமுத்திரம்: டீச்சர், மகளுக்கு ஐந்து வயது. 247 எழுத்தும் ஒப்பிக்கிறாள். ‘படம்’ என்று எழுதினால் வாசிக்கத் தெரியவில்லை.

பதில்: ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு அம்மா. எழுத்து அட்டையைக் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். ட, ப, ம, கூடவே புள்ளி. இவ்வளவு போதும்: படம், மடம், பட்டம், மட்டம். ‘ம்’ என்பதை ‘இம்’ என்று சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். அதனால்தான் ‘ப, ட, இம்’ என்று கூட்டிவிட்டு விழிக்கிறாள். உதட்டை மூடி ‘ம்ம்’ என்று நீட்டிச் சொல்லுங்கள். ‘ட்’ தனியே நிற்காது. ‘பட்’ என்று சேர்த்தே சொல்லுங்கள்.

திசையன்விளை: ஆங்கிலத்துக்கும் இதே வழிதானா?

பதில்: ஆமாம். அங்கே 26 எழுத்துக்குச் சுமார் 44 ஒலிகள் என்பதால் பிந்திச் சிக்கல் கூடும். ‘பீ, ஐ, என்’ என்று கூட்டினால் ‘பின்’ வராது. ‘ப், இ, ன்’ என்றால் வரும். எழுத்தின் பெயர் பிறகு, ஒலி முதலில். புள்ளி எழுத்து பழகிய நம் பிள்ளைகளுக்கு இது எளிது. எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆறிலிருந்து தொடங்குங்கள்: பின், டின், டிப்.

கடையநல்லூர்: எந்தச் செயலி நல்லது?

பதில்: உங்கள் குரல் போதும்.

களக்காடு: மகன் ‘பளம்’, ‘வாளை’ என்றே எழுதுகிறான். வீட்டில் ஆச்சி முதல் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம்.

பதில்: நம் பக்கத்துப் பேச்சில் ழ என்பது ள ஆகிவிடுகிறது. அவன் காதில் விழுந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். காதால் பிடிபடாததைக் கண்ணால் பிடிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நின்று பலகைகளைக் காட்டுங்கள்: களக்காடு, ஆழ்வார்குறிச்சி, கல்லிடைக்குறிச்சி. மூன்றிலும் வரிசையாக ள, ழ, ல.

தென்காசி: என்ன டீச்சர் இது! ழ தமிழின் சிறப்பு. உச்சரிப்பைத் திருத்தாமல் விடலாமா?

சங்கரன்கோவில்: அப்படியானால் ஆச்சி பேசுவது தமிழ் இல்லையா அண்ணாச்சி?

பதில்: இரண்டு பேருமே கேளுங்கள். ஆச்சி பேசுவது தமிழ்தான். பிள்ளைக்கு ழ-வும் வர வேண்டும். நாக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால் ல. மேலே வளைந்து அண்ணத்தைத் தொட்டால் ள. அப்படியே வளைந்து தொடாமல் நின்றால் ழ. கண்ணாடி முன் காட்டுங்கள். ஆனால் வாசிக்கும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். ‘பழம்’ என்ற எழுத்தைப் பார்த்து ‘பளம்’ என்று சொல்லும் பிள்ளை வாசித்துவிட்டது. அந்த இடத்தில் மறித்தால் அடுத்த சொல்லுக்கு வாயே திறக்காது. பேச்சைக் கேலி செய்ததால் புத்தகத்தை வெறுத்த பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஏர்வாடி: ந, ன, ண குழப்பம்?

பதில்: பாதி இடத்தில் அடுத்த எழுத்தே காட்டிக்கொடுக்கும்: பந்து, வண்டு, கன்று. த-வுக்கு முன் ந், ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன். தமிழ்ச் சொல்லின் முதலில் ந மட்டுமே வரும். ‘காத்து’ என்று எழுதினால் ‘காற்று’ என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், பிள்ளை எழுதியதை அடித்துத் திருத்த வேண்டாம்.

நாங்குநேரி: 247 எழுத்தும் முடித்த பிறகுதானே வாசிப்பு?

பதில்: முதல் பதிலை வாசியுங்கள்.

வள்ளியூர்: எழுத்தெல்லாம் தெரிந்த பிறகு தொடங்கினால் போதுமா?

பதில்: போதாது. முதல் பதில்.

பாளையங்கோட்டை: பேத்திக்கு எழுதிக் காட்டுகிறேன். நான் படித்த ணை, லை வேறு வடிவம். குழம்புவாளா?

பதில்: 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் ஐயா அது. எழுதும்போது புதியதையே எழுதுங்கள். பழைய புத்தகம் வீட்டில் இருந்தால் மடியில் வைத்து நீங்கள் வாசியுங்கள், விரலை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே.