காங்கேசன்துறை வீதியில் எந்த வேலை முதலில்? – கேள்வி பதில்

யாழ்ப்பாணம் தட்டாதெருச் சந்தியிலிருந்து மருதனார்மடம் வரை காங்கேசன்துறை வீதியை மீளமைப்பதானால் எதை முந்திச் செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். வீதித் திட்டமிடல் தெரிந்த ஒருவரின் பதில்கள் கீழே.

கொக்குவில் கடைக்காரர்: அண்ணை, றோட்டை அகட்டினாலே நெரிசல் போயிடும்தானே? பிறகேன் வாய்க்கால், நடைபாதை எண்டு இழுக்கினம்?

சந்தி எவ்வளவு வாகனத்தை விடுகிறதோ அவ்வளவுதான் வீதியில் ஓடும். நடுவில் அகட்டினால், கூடின இடத்தில் அடுத்த நாளே மோட்டார் சைக்கிள் நிற்கும். முதலில் சந்தியிலிருந்து 20 மீற்றருக்குள் வாகனம் நிறுத்துவதைத் தடுக்க வேண்டும். பஸ் தரிப்பைச் சந்தி தாண்டி 30 மீற்றர் தள்ள வேண்டும். போதிய அகலம் இருந்தால், வலப்பக்கம் திரும்புகிறவர்களுக்கு 3 மீற்றரில் தனி நிரல் விடலாம். இவற்றுக்குப் பெரும்பாலும் காணி தேவையில்லை. கடை வாசலில் காலை முதல் மாலை வரை நிற்கிற சைக்கிள்கள் யாருடையவை என்று எண்ணிப் பாருங்கள். பல கடைக்காரருடையவையாகவே இருக்கலாம்.

இணுவில் வாசிகசாலை இளைஞர்: போக்குவரத்தை நாங்களே எண்ணலாமா?

எண்ணலாம். காலை 6 முதல் மாலை 6 வரை, 15 நிமிடத்துக்கு ஒரு வரி. கார் 1 என்றால் மோட்டார் சைக்கிள் 0.5, பஸ் 2 முதல் 3 வரை என்று மாற்றிக் கூட்டுங்கள். நல்லூர்த் திருவிழா நாட்களையும் பள்ளி விடுமுறையையும் விட்டு விடுங்கள். ரியூசன் விடுகிற நேரத்தையும் மருதனார்மடம் சந்தையின் காலை ஏற்றி இறக்கலையும் தனித்தாளில் எழுதுங்கள். நாள் முழுவதுக்குமான சராசரிக்குள் இந்த இரண்டும் மறைந்து போகும். வாகனத்தோடு, குறுக்கே கடக்கிற ஆட்களையும் எண்ண வேண்டும். அநேகமான கணக்கெடுப்புகளில் விடுபடுவது இதுதான்.

தாவடி வாசகி: ஐயா, புது வாய்க்கால் கட்டின இடத்திலேயும் மாரிக்குத் தண்ணி நிக்குது. ஏன்?

வாய்க்கால் எங்கே போய் விழுகிறது என்று பார்க்காமல் கட்டுவதால்தான். கணக்கு இப்படி: 2 ஹெக்டேயர் கட்டடப் பரப்பில் மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் மழை கொட்டினால், நூற்றுக்கு 80 பங்கு ஓடி வருகிறதென்று கொண்டால், செக்கனுக்கு 0.44 கன மீற்றர் நீர் வரும். 600 மில்லிமீற்றர் அகலமும் 750 ஆழமும் உள்ள கொங்கிறீற்று வாய்க்கால் 500க்கு 1 சாய்வில் இதைத் தாங்கும். ஆனால் அந்தச் சாய்வில் 500 மீற்றர் போனால் அடித்தளம் 1 மீற்றர் இறங்கிவிடும். நமது நிலம் தட்டை. கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல், மாரியில் நிலத்தடி நீரும் மேலே வந்துவிடும். அதனால் கொந்தராத்துக்காரர் சாய்வைக் குறைத்துவிடுவார். ஓட்டம் செக்கனுக்கு 0.6 மீற்றருக்குக் கீழே போனால் மண் படியும், சில மாரிக்குள் வாய்க்கால் தூர்ந்துவிடும்.

ஆகவே கடைசி முனையிலிருந்து திட்டமிட வேண்டும்: எந்தக் குளம், அதன் வான் (நிறைந்தால் நீர் வழியும் இடம்) எந்த மட்டத்தில், இடையில் எந்த மதகு அடைபட்டிருக்கிறது. நிலத்தின் உயர மட்டத்தை அளந்தெடுக்காமல் விலைமனு கோரக்கூடாது. நீரை உறிஞ்சுகுழிக்கு விடலாம் என்று சிலர் சொல்வார்கள்; வீதி எண்ணெயும் அழுக்கும் சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியே கிணற்றுக்குப் போய்விடும். மண்பொறி (மண்ணைப் படிய வைத்துத் தடுக்கும் தொட்டி) வைத்துக் குளத்துக்கு விடுவதே மேல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வீதி மாநகர சபை, நல்லூர் பிரதேச சபை, வலிகாமம் தெற்குப் பிரதேச சபை என்று எல்லை கடக்கிறது. பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையினது; ஒழுங்கைகளோ இந்தச் சபைகளுடையவை. தண்ணீருக்கு எல்லை தெரியாது. மூன்று சபைக்கும் ஒரே மட்ட வரைபடம் வேண்டும்.

கோண்டாவில் வாசகர்: றோட்டை அகட்டினால் எங்கட மதில் போகுமாம். காணி அண்ணாவோடை பங்கு, அவர் கனடாவில். என்ன செய்யலாம்?

30 மீற்றர் முகப்பில் 2 மீற்றர் போனால் 60 சதுர மீற்றர், அதாவது ஒரு பரப்பில் (நமது காணி அளவு) கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. காணி சுவீகரிப்புச் சட்டத்தில் 2ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் அளவைக்கு வருவார்கள். ஆட்சேபனைக்கு இடம் 4ஆம் பிரிவில். அறிவித்தலில் உள்ள திகதிக்குள் எழுத்தில் கொடுங்கள். 7ஆம் பிரிவில் உரிமையும் நட்டஈடும் கோர வேண்டும். 38ஆம் பிரிவில் அவசரமென்றால் அரசு காணியை உடனே உடைமையாக எடுக்கலாம். பெரும்பாலும் தாமதமாவது பணத்தால் அல்ல, காணி உறுதியால்: பங்காளி வெளிநாட்டில், அற்றோணி (அவருக்காகக் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர்) இல்லை, பெயர் மாற்றாத பழைய உறுதி. அண்ணாவிடம் இப்போதே அற்றோணிப் பத்திரம் எடுத்து வையுங்கள். மதிலை, கேற்றை, மரங்களை அளந்து படமெடுத்தும் வையுங்கள்.

மருதனார்மடம் வாசகர்: எல்லாருமே தங்கட துண்டுதான் முக்கியம் எண்டினம். எப்படி வரிசைப்படுத்துறது?

சந்திக்குச் சந்தி துண்டாக்கிப் புள்ளி போடுங்கள்: மூன்று வருட விபத்துப் பதிவு 30, நீர் நிற்கும் ஆழமும் நேரமும் 25, நடப்போர் 20, பஸ் பயணிகள் 15, காணிச் சிக்கலின்மை 10. செலவைப் புள்ளிக்குள் கலக்காதீர்கள். மொத்தத்தைச் செலவால் வகுங்கள். கலந்தால் தேவை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. எதற்கு எத்தனை புள்ளி என்பதைத் துண்டுகளின் பெயரைப் பார்க்கும் முன்னரே கூட்டத்தில் தீர்மானிப்பது நல்லது, பிறகென்றால் சண்டைதான்.

சுன்னாகம் வாசகர்: காபற் எப்ப போடுறது?

காபற் என்கிற தார்ப்படையை வாய்க்கால், நீர்க்குழாய், மின்கம்ப மாற்றம் முடிந்த பின்தான் போட வேண்டும். குழி மூடும்போது 150 மில்லிமீற்றர் படையாக இறுக்காவிட்டால் அடுத்த மாரியில் கோடு கோடாய்த் தாழும். இனிக் குழாய் கொண்டு போவதற்கென்று குறுக்கே வெற்றுப் பிவிசி குழாய் புதைத்து விடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை காபற் வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் போடலாம்.