40 பவுனும் 110 விண்ணப்பங்களும்

கேள்வி: நாமக்கல்லில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை நான். ஓய்வூதியம் 48,000 ரூபாய். எம்பிபிஎஸ் முடித்த மகள் அமெரிக்காவில் ரேடியாலஜி ரெசிடென்சிக்கு (மருத்துவ மேற்படிப்புப் பயிற்சிக்கு) முயல்கிறாள். அவள் கல்யாணத்துக்குச் சேர்த்த 40 பவுனை அடகு வைத்து 8 லட்சம் வாங்கினோம். வருடா வருடம் வட்டி கட்டி மாற்றி வைக்கிறோம். போன முறை மேட்ச் ஆகவில்லை, அதாவது இட ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கவில்லை. இந்தச் செப்டம்பரில் ரேடியாலஜிக்கு 110 இடங்களில் போடப் போகிறாள். செலவைக் குறைக்க, ரேடியாலஜிக்கு முன் செய்ய வேண்டிய பிரிலிமினரி வருடத்துக்கு (பொதுப் பயிற்சி வருடம்) 40-க்குப் பதில் 10 போதும் என்கிறாள். தங்கம் விலை ஏறியதால் இன்னும் 4 லட்சம் தருகிறார்களாம். வாங்கலாமா? அமெரிக்க ஃபண்டில் எஸ்ஐபி போடு என்கிறான் தம்பி.

பதில்: வாங்காதீர்கள், அம்மா. தேர்வு, விசா விவரமெல்லாம் உங்கள் வீட்டில் மனப்பாடமாகியிருக்கும், அதை விடுவோம். என் கவலை அந்த ‘மாற்றி வைக்கிறோம்’ என்ற வார்த்தை மேல்தான். 9 சதவீதம் என்றே வைத்தாலும் 8 லட்சத்துக்கு வருட வட்டி 72,000. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. 12 லட்சமானால் மாதம் 9,000 வட்டிக்கே போகும். தங்கம் ஏறியது சரி, உங்கள் ஓய்வூதியம் ஏறவில்லையே?

மகளின் கணக்குக்கு வருகிறேன். சமீபத்திய சீசன்களில் ஒரு துறையில் முதல் 30 விண்ணப்பங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30 டாலர். ரேடியாலஜிக்கு 110 என்றால் 330-ம் 2,400-ம் சேர்த்து 2,730 டாலர். 60-ல் நிறுத்தினால் 1,230. மிச்சம் 1,500 டாலர். டாலருக்கு 90 ரூபாய் போட்டால் 1.35 லட்சம். பிரிலிமினரியைக் குறைத்தால்? அந்த விண்ணப்பங்கள் வேறு வேறு துறைகளுக்குப் பிரிந்து போகும். ஒவ்வொரு துறையிலும் 30-க்குள்தான் போடுகிறாள் என்றால், 30 குறைத்தாலும் மிச்சம் 330 டாலர், சுமார் 30,000 ரூபாய்.

அங்கே கை வைக்கவே கூடாது. ரேடியாலஜி இடங்களில் பெரும்பாலானவை இரண்டாம் வருடத்தில்தான் தொடங்கும். அந்த முதல் வருடத்துக்கு இடமில்லாமல் ரேடியாலஜி மட்டும் கிடைத்தால், மேட்ச் முடிவு வரும் வாரத்தில் மிஞ்சிய இடத்துக்கு அலைய வேண்டும். ஜெனரல் மெடிசின், டிரான்சிஷனல் (பல துறைகளில் சுழலும் வருடம்) இரண்டும் சேர்ந்து 40 இருக்கட்டும். கூடவே பிரிலிமினரி சர்ஜரியில் 20 போடட்டும். வேலை முதுகை ஒடிக்கும், ஆனால் வருடா வருடம் இடம் மிஞ்சுவது அங்கேதான். தனித் துறை என்பதால் அதுவும் 11 டாலர் விலையில், மொத்தம் 220 டாலர். அப்புறம், ரேடியாலஜியில் ‘உங்கள் இடம்தான் எனக்கு விருப்பம்’ என்று காட்டத் தங்கம், வெள்ளி என்று சிக்னல் கொடுக்கிறார்களே, அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அதை யோசித்துப் போட்டாலே, 61-வது விண்ணப்பத்தைவிடப் பயன்.

ரேடியாலஜி 60, மெடிசினும் டிரான்சிஷனலும் 40, சர்ஜரி 20, ஆக மொத்தம் 1,890 டாலர், 1.7 லட்சம் ரூபாய். மகள் வேலைக்குப் போவதாக நீங்கள் எழுதவில்லை. நேர்காணல் பெரும்பாலும் ஆன்லைனில்தான். ஒரு தனியார் மருத்துவமனையில் சில மாதம் டியூட்டி டாக்டராக இருந்தால் இந்தப் பணம் அவள் கையிலேயே சேரும். படிப்பு கெடும் என்பாள், தேர்வுதான் முடிந்துவிட்டதே.

தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: செப்டம்பரில் கட்ட வேண்டிய பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டு, ஆகஸ்டில் அது இறங்கினால் அவர் தருவாரா?

அடகுக் கணக்கில் மாதம் 15,000 கட்டுங்கள். வட்டி போக மீதியை அசலில் வரவு வைக்கச் சொல்லி ரசீது வாங்குங்கள். அடுத்த வருடம் இதே நாளில் 8 லட்சம் 6.9 லட்சத்துக்குக் கீழே வந்திருக்கும். அப்போது நான்கைந்து பவுனையாவது பிரித்துக் கேட்டு மீட்டுக்கொள்ளலாம்.