மறு: மலை மேலே வாட்டர்கலர் உறைந்துபோகிறது

வணக்கம். ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலைப் பக்கம் ஏறும்போது தூரிகையிலேயே தண்ணீர் உறைகிறது, ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு உங்களோடு ஏறும் நண்பர் அவசரப்படுத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

நண்பர் சொல்வது சரி. நீங்கள் வரையும் நேரமெல்லாம் அவர் அசையாமல் குளிரில் நிற்கிறார். தண்ணீரில் கொஞ்சம் வோட்கா கலந்தால் உறைவது தாமதமாகும். ஆனால் காகிதத்தில் நிறம் பரவும் விதமே மாறிவிடும், எனக்கு அது பிடிப்பதில்லை.

ஏறும் நாளில் பென்சில் மட்டும் போதும். எட்வர்ட் தியோடர் காம்ப்டன் (1849–1921) பெரும்பாலும் தானாகவே ஓவியம் கற்றவர், நல்ல மலையேறி. மேலே ஸ்கெட்ச் எடுத்து வந்து, பெரிய ஓவியங்களை ஸ்டூடியோவில் முடிப்பார். நீங்களும் கோட்டின் மேலேயே ‘நிழல்: ஊதா கலந்த நீலம்’ என்று எழுதிவையுங்கள். போட்டோவை நம்பவேண்டாம், பனியின் நிழலில் உள்ள நிறத்தை அது பெரும்பாலும் தின்றுவிடும்.

அப்புறம், தயவுசெய்து நிறம் பார்ப்பதற்காகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். பனியில் பட்டுத் திரும்பும் புற ஊதாக் கதிர் கண்ணைச் சுட்டுவிடும். வலி சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். சாம்பல் நிற லென்ஸ் வாங்குங்கள். பழுப்பு லென்ஸ் அளவுக்கு அது நிறங்களை மாற்றாது.

வண்ணம் தீட்டியே ஆகவேண்டுமா? அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். மலையடிவாரத்து ஊரான சாமொனியிலிருந்து கேபிள் காரில் எகுய் து மிடி சிகரத்துக்கு (3842 மீட்டர்) போனால், கயிறும் அவசரமும் இல்லாமல் அங்குள்ள மொட்டைமாடியில் நின்றே வரையலாம். எந்த மாதம் போகிறீர்கள்?