லண்டனில் ஓய்வு நாள், அருங்காட்சியகங்கள்: கேள்வி பதில்

லண்டனில் வேலை செய்யும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒவ்வொரு கேள்வியின் முன்னாலும் இருப்பது கேட்டவரின் பகுதி. ஒரே விஷயத்தைப் பலரும் கேட்டிருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் மியூசியம், வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம்), நேஷனல் கேலரி, சயின்ஸ் மியூசியம், நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் ஆகியவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். விசா எந்த வகையாக இருந்தாலும் இதுதான் விதி.

ஈஸ்ட்ஹாம், உணவக வேலை: அண்ணா, எனக்கு செவ்வாய்க்கிழமை மட்டும்தான் ஆஃப். பிரிட்டிஷ் மியூசியம் திறந்திருக்குமா? எங்கே தொடங்குவது?

டிசம்பர் 24 முதல் 26 வரை தவிர தினமும் காலை 10 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். செவ்வாய் நல்ல நாள்தான். ஆனால் பள்ளி நடக்கும் வாரநாட்களில் மதியம் வரை எகிப்து அறைகளில் பிள்ளைகள் கூட்டம் இருக்கும். அதனால் புகழ்பெற்ற எகிப்துக் கல்வெட்டான ரொசெட்டா கல்லை இரண்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரேட் ரஸல் தெருவில் உள்ள முன்வாசலில்தான் நீண்ட வரிசை நிற்கும். பின்பக்கம் மாண்டேகு பிளேஸில் இன்னொரு வாசல் உண்டு. அந்த வழியாகப் போனால் தெற்காசிய, சீனப் பொருட்கள் இருக்கும் 33ஆம் அறை பக்கம். மியூசியத்தின் இணையதளத்தில் இலவச நேரச்சீட்டு எடுத்து வைத்தால் காத்திருப்பு இன்னும் குறையும்.

33ஆம் அறைக்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். சோழர் செப்புத் திருமேனிகளை முன்னால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் பக்கவாட்டுக்கும் வாருங்கள், முடிந்தால் பின்பக்கமும். பீடத்தில் துளைகளும் வளையங்களும் தெரியும். வீதியுலாவுக்குத் தண்டு கோத்துக் கட்டுவதற்கானவை அவை. கோயிலில் பட்டும் பூவும் சாத்தியிருக்கும்போது கண்ணில் படாத முதுகு, சடை, மேகலை வேலைப்பாடு எல்லாம் இங்கே தெளிவாகத் தெரியும்.

அடுத்து 33ஏ, அமராவதி அறை. ஆந்திராவின் அமராவதியில் பௌத்த ஸ்தூபியைச் சுற்றி நின்ற சிற்பக் கற்கள் இங்கே இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் என்பதால் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திக் கண்ணாடி அடைப்புக்குள் வைத்திருக்கிறார்கள். இருபுறமும் செதுக்கிய பலகை ஒன்று அங்கே இருக்கிறது. பழைய பக்கத்தில் போதிமரமும் வெற்று இருக்கையும் வணங்குபவர்களும் இருக்கிறார்கள், புத்தர் உருவம் இல்லை. சில நூற்றாண்டுகள் கழித்து அதே கல்லைத் திருப்பி மறுபக்கம் ஒரு முழு ஸ்தூபியைச் செதுக்கினார்கள். அதில் புத்தர் உருவமாகவே வந்துவிடுகிறார். உருவமில்லா வழிபாடு உருவ வழிபாடாக மாறியதை ஒரே கல்லில் பார்க்கலாம்.

எச்சரிக்கை: ஆள் பற்றாக்குறை, பராமரிப்பு என்று அறைகளைத் திடீரென மூடுவார்கள். கிளம்பும் காலையில் தளத்தைப் பார்த்து, மூடிய அறைகளின் விவரத்தைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

ஹாரோ, செவிலியர்: என் தொழிலுக்கு நெருக்கமாக ஏதாவது உண்டா?

ஹண்டேரியன் மியூசியம். ஹோல்பர்ன் ஸ்டேஷனில் இறங்கி லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கத்துக்கு நடந்தால் அறுவை மருத்துவர்களின் ராயல் காலேஜ் கட்டடம். பல ஆண்டுகள் மூடிக்கிடந்து 2023இல் திறந்தது. செவ்வாய் முதல் சனி வரை 10 முதல் 5, கட்டணமில்லை. 18ஆம் நூற்றாண்டு அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் சேர்த்த உடற்கூறு மாதிரிகள்தான் இதன் அடிப்படை. ஈவ்லின் பலகைகளைத் தவறவிடாதீர்கள். மனித உடலின் நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் பிரித்தெடுத்து, உலர்த்தி, மரப்பலகையில் ஒட்டியவை. 17ஆம் நூற்றாண்டில் பதுவாவில் செய்தது. பாடப்புத்தகத்தில் வரைபடமாகப் பார்த்த கிளைகள் நிஜமாகவே எதிரில் நிற்கும்.

அதே சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் ஜான் சோன் என்ற கட்டடக்கலைஞரின் வீடு. அதுவும் இலவசம், புதன் முதல் ஞாயிறு வரை. ஆக, இரண்டையும் ஒரே நாளில் பார்க்க புதன் முதல் சனிக்குள் ஓர் ஓய்வு நாள் வேண்டும். சோன் வீட்டின் நிலவறையில் எகிப்து மன்னன் முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டி இருக்கிறது. ஓவிய அறையில் சுவர்களே கதவுபோலத் திறக்கும், உள்ளே இன்னொரு வரிசை ஓவியங்கள். எப்போது திறப்பார்கள் என்று பணியாளரிடம் கேளுங்கள். இடம் குறுகல், பெரிய பையோடு போக வேண்டாம்.

டூட்டிங்: ஒரே நாளில் பிரிட்டிஷ் மியூசியம், வி அண்ட் ஏ, நேச்சுரல் ஹிஸ்டரி மூன்றும் முடிக்கலாமா?

வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கண் எதையும் வாங்காது. ஒரு நாளுக்கு ஓர் இடம், அதிலும் இரண்டு மூன்று அறைகள் போதும். இலவசம் என்பதன் லாபமே அதுதான், அடுத்த வாரமும் போகலாம்.

வெம்பிளி: போக்குவரத்துச் செலவை எப்படிக் குறைப்பது?

வாரநாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் ட்யூபில் (சுரங்க ரயிலில்) உச்சநேரக் கட்டணம். 9.30க்குப் பிறகு அட்டையைத் தட்டி உள்ளே போங்கள். பேருந்து என்றால் முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்து மாறினாலும் இரண்டாவது கட்டணம் கிடையாது, அதே அட்டையாக இருந்தால்.

பலருக்கும் பணம் போவது இதனால்தான்: உள்ளே போகும்போது போனைத் தட்டுவார்கள், வெளியே வரும்போது வங்கி அட்டையைத் தட்டுவார்கள். இரண்டும் ஒரே கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு அவை இரு வேறு அட்டைகள். முடிக்காத இரண்டு பயணங்கள் என்று எடுத்து இரண்டுக்கும் உச்சபட்சக் கட்டணம் பிடிக்கும். நாள் முழுக்க ஒன்றையே தட்டுங்கள்.

குராய்டன்: டிக்கெட் எவ்வளவு?

முதல் பத்தி.

ஹவுன்ஸ்லோ: மாலை ஊருக்கு விமானம். பெட்டியோடு பிரிட்டிஷ் மியூசியம் போய்விட்டு அப்படியே ஹீத்ரோ போகலாமா?

முடியாது. சக்கரம் வைத்த பெட்டியை வளாகத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். மற்ற பைகளும் 40க்கு 40க்கு 50 சென்டிமீட்டர், 8 கிலோவுக்குள் இருக்க வேண்டும். யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையங்களில் பணம் கட்டிப் பெட்டியை வைத்துவிட்டு நடந்து வரலாம்.

லூயிஷம்: அண்ணை, கிழக்கு மாகாணத்தில எடுத்த தாரா சிலை அங்கதான் நிக்குதாம், உண்மையோ? எங்கட இடத்துப் பொருளை காசில்லாமக் காட்டினா நாங்கள் சந்தோசப்பட வேணுமோ?

உண்மை. இலங்கையின் கிழக்கில் கிடைத்த, பௌத்தப் பெண் தெய்வமான தாராவின் சிலை 33ஆம் அறையில்தான் இருக்கிறது. உயரம் 143 சென்டிமீட்டர், 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது. கனமாக வார்த்து மேலே பொன்முலாம் பூசிய வெண்கலம். இவ்வளவு பெரிய உருவை உள்ளே வெற்றிடம் இல்லாமல் வார்ப்பது சாமானிய வேலை இல்லை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்ததாகச் சொல்கிறார்கள். இலங்கையில் பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த ராபர்ட் பிரவுன்ரிக் 1830இல் மியூசியத்துக்குக் கொடுத்தார். 1815இல் கண்டி ராச்சியத்தைப் பிடித்தவர் அவர்தான்.

அங்கே நிற்கும்போது செய்யக்கூடிய ஒன்று: விளக்கப் பலகையில் உள்ள பதிவு எண்ணைப் படியுங்கள். தாராவுக்கு 1830,0612.4. முதலில் ஆண்டு, அடுத்தது மாதமும் தேதியும், கடைசியில் வரிசை எண். அமராவதிக் கற்களுக்கு 1880,0709 என்று தொடங்கும். எகிப்துப் பொருட்கள் போன்ற சிலவற்றுக்கு வேறு முறை, மற்றபடி பெரும்பாலும் எந்தப் பொருள் எந்த நாளில் கணக்கில் ஏறியது என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது. எண்ணைத் தளத்தில் தட்டினால் யார் கொடுத்தார், எப்படி வந்தது என்ற குறிப்பும் வரும்.

ஈஸ்ட்ஹாம் (வேறொருவர்): திருட்டுப் பொருளைப் பார்க்கப் போவதே அதை ஏற்றுக்கொள்வது ஆகாதா?

ஹாரோ: ஊரில் இருந்திருந்தால் மட்டும் பத்திரமாக இருந்திருக்குமா?

இதே சண்டையாகப் பதினோரு கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

பத்திரமாக இருந்திருக்குமா என்று கேட்பவர்கள் அமராவதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் 1845இல் தோண்டி சென்னைக்கு அனுப்பினார். 1859இல் 121 கற்கள் லண்டனுக்குக் கப்பலேறின. சென்னையில் தங்கியவையும் பிறகு அங்கே சேர்ந்தவையும் இன்றும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே அழிந்துபோய்விடவில்லை.

எதுவும் திரும்பாது என்பவர்களுக்குப் பத்தூர் நடராஜர் பதில். 1976இல் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, விற்கப்பட்டு, லண்டன் வந்தது. செப்பனிடுவதற்காக பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது காவல்துறை கைப்பற்றியது. வழக்கில் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி நிபுணர் சாட்சி சொன்னார். சிலையில் ஒட்டிய மண்ணும் கரையான் தடமும்கூட ஆதாரமாகின. இடிந்துகிடந்த கோயிலையே உரிமை கோரும் தரப்பாக ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991இல் நடராஜர் தமிழ்நாடு திரும்பினார்.

தாரா விஷயம் வேறு. மியூசியத்தின் சொந்த இருப்பில் உள்ளதை, சில விதிவிலக்குகள் தவிர, கொடுக்க 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மியூசியம் சட்டம் தடுக்கிறது. நாடாளுமன்றம் மாற்றினால்தான் வழி. என் கருத்து: தாரா இலங்கைக்குப் போக வேண்டும். ஆனால் அரை மணி ட்யூப் தூரத்தில் இருப்பவர் பார்க்காமல் இருப்பதால் அவள் ஒரு அடிகூட நகரமாட்டாள். போய்ப் பாருங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். கேட்கத் தெரிந்தவர்கள் பெருக வேண்டும். இந்த விவாதத்தை இங்கே முடிக்கிறேன்.

சவுத்ஹால்: ஓவர்டைம் சொல்லி ஆஃபைப் பறிக்கிறார்கள், என்ன செய்வது?

என் துறை இல்லை. வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை தரும் ஏக்காஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும், ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

இல்ஃபோர்ட்: பகலில் தூங்கும் இரவுப்பணி. மாலையில் ஏதாவது?

வெள்ளிக்கிழமை. பிரிட்டிஷ் மியூசியம் 8.30 வரை, நேஷனல் கேலரி 9 வரை, வி அண்ட் ஏ 10 வரை. மாலையில் எல்லா அறைகளும் திறந்திருக்காது. மறுபடியும் சொல்கிறேன், அன்றைக்கே தளத்தைப் பாருங்கள்.

ஃபெல்தம்: திப்புவின் புலி எந்த அறை?

வி அண்ட் ஏவின் சேகரிப்புத் தளத்தில் பெயரைத் தட்டுங்கள். காட்சியில் இருக்கிறதா, கிடங்கில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பொருளுக்கும் எழுதியிருக்கும். பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

நியூஹாம்: கட்டுசோறு கொண்டுபோகலாமா? கண்ணாடிக்குள் இருப்பதைப் போட்டோ எடுத்தால் என் முகம்தான் வருகிறது.

காட்சி அறைகளில் சாப்பிடக் கூடாது. பிரிட்டிஷ் மியூசியத்தின் பின்வாசலுக்கு அருகே ரஸல் ஸ்குவேர் பூங்கா, பெஞ்சு உண்டு. போட்டோவுக்குக் கருப்புச் சட்டை போட்டுப் போங்கள், லென்ஸைக் கண்ணாடிக்கு விரல் தடிப்பு தூரத்தில் கொண்டுபோய், சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், கண்ணாடியில் வெள்ளைத் திட்டாக விழும். ஒவ்வொரு பொருளுக்கும் பலகையையும் ஒரு படம் எடுங்கள், எண் அதில்தான்.

பார்கிங் (Barking): என்ட்ரி ஃபீஸ் உண்டா?

இல்லை. பணம் வாங்கிக்கொண்டு இலவச நுழைவைச் சீட்டாக விற்கும் தரகுத் தளங்களும் உண்டு. மியூசியத்தின் சொந்தத் தளம் தவிர வேறெங்கும் அட்டை எண்ணைக் கொடுக்காதீர்கள்.

ஸ்லவ்: அடுத்த மாதம் சென்னைக்கு லீவில் போகிறேன். எழும்பூரில் அமராவதியைப் பார்க்க ஏதாவது தயாரிப்பு?

போவதற்கு முன் 33ஏ அறையில் மூன்று கற்களை மட்டும் நன்றாகப் பார்த்துப் படமெடுங்கள்: அந்த இருபுறப் பலகை, ஒரு தாமரை வட்டம், மாலையை ஆட்கள் சுமக்கும் ஒரு மேல்வரிசைக் கல். எழும்பூரில் அதே வகைக் கற்களைத் தேடி, படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே ஸ்தூபியைச் சுற்றி நின்றவை. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, வேறு நாளில் போங்கள்.