ஸ்பின் எண்ணைக் காட்டி கோல்ஃப் டிரைவர் விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: வயது 34. கல்லூரியில் வேகப்பந்து வீசியவன். மூன்று வருடமாகக் கோவையில் கோல்ஃப் ஆடுகிறேன், ஹேண்டிகேப் 14 (நடுத்தர ஆட்டக்காரன்). கடையில் அளந்தபோது ஸ்விங் வேகம் (மட்டையை வீசும் வேகம்) மணிக்கு 112 மைல் வந்தது. "உங்கள் வேகத்துக்குப் பழைய டிரைவர் (தூரம் அடிக்கும் நீள மட்டை) தாங்காது. ஸ்பின் (நிமிடத்துக்குப் பந்தின் சுழற்சி) 3,100 வருகிறது, ஃபேஸும் (பந்தில் படும் முகப்பு) செத்துவிட்டது. எல்எஸ் ஹெட் (லோ ஸ்பின், சுழற்சி குறைக்கும் மட்டைத் தலை), எக்ஸ் ஷாஃப்ட் (மிக விறைப்பான தண்டு) போட்டால் 22 கெஜம் கூடும்" என்கிறார்கள். விலை 68,000 ரூபாய். அளந்த சீட்டை இணைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை ஊட்டியிலும் ஆடுவேன். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் சீட்டைப் பார்த்தேன். பழைய டிரைவருக்குப் பந்து வேகம் 159, ஸ்பின் 3,100, கேரி (தரையில் விழும்வரை பந்து பறக்கும் தூரம்) 252 கெஜம். புதியதற்கு 166, 2,150, 274. சரி, இரண்டு வரிசைகளுக்கும் மேலே பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தீர்களா? பழையதற்கு "சராசரி", புதியதற்கு "சிறந்த அடி". ஒரு பையனின் முழு வருட சராசரியை எடுத்து, இன்னொருவன் கணக்குப் பரீட்சையில் வாங்கிய நூறோடு ஒப்பிட்ட கதை இது. இந்தச் சீட்டு எனக்கு மாதத்துக்கு நாலு வருகிறது.

ஒரு சின்னக் கணக்கு மட்டும் போடுவோம். பந்து வேகம் ஒரு மைல் கூடினால் கேரி ஏறத்தாழ இரண்டு கெஜம் கூடும். 159க்கும் 166க்கும் ஏழு மைல், அதாவது 14 கெஜம். ஆக அந்த 22இல் பெரும்பகுதி, அந்த ஒரு அடி ஃபேஸின் நடுவில் பட்டதால் வந்தது. உங்கள் 112க்கு, நடுவில் பட்டால் பழைய டிரைவரிலும் 165, 166 வரும். 159 என்பது நடுவைத் தவறவிட்டதன் அடையாளம்.

3,100 ஸ்பினும் அநேகமாக அங்கிருந்துதான் வருகிறது. ஃபேஸின் கீழ்ப்பகுதியில் பட்ட பந்து அதிகம் சுழலும், மேல்பகுதியில் பட்டது குறைவாகச் சுழலும். டீயை (பந்தை வைக்கும் சின்ன ஆணி) தாழ்வாக வைத்து, மேலிருந்து வெட்டுகிற மாதிரி இறக்கினால் எந்த ஹெட்டிலும் ஸ்பின் ஏறத்தான் செய்யும். பந்து வீசியவர்களிடம் இந்தப் பழக்கத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. "2,500ஐத் தாண்டினால் வீண்" என்று கடையில் பயமுறுத்துவார்கள். அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் வீரர்களின் சராசரி என்று, பந்தை அளக்கும் கருவி செய்யும் டிராக்மேன் நிறுவனம் பல காலம் வெளியிட்டுவந்த கணக்கில் ஸ்விங் வேகம் 113 மைல், ஸ்பின் 2,686. கிட்டத்தட்ட உங்கள் வேகம்தான். வாரம் முழுக்க அதே வேலையாக இருப்பவர்களுக்கு 2,686 போதுமென்றால், சனிக்கிழமை ஆடுகிற நமக்கு 2,150 எதற்கு?

எல்எஸ் ஹெட்டில் எடையை முன்பக்கம் தள்ளியிருப்பார்கள். ஸ்பின் குறையும், ஆனால் நடுவை விட்டு விலகிப் பட்டால் ஹெட் எளிதில் திரும்பிவிடும். வேகமாக அடிப்பவருக்கு அந்தத் தப்பும் வேகமாகவே போகும்: 90 மைல்காரரின் தப்பு ரஃபில் (ஓரத்து உயரப் புல்லில்) நிற்கும், உங்களுடையது ஓ.பி.யில் (மைதான எல்லைக்கு வெளியே) போய் விழும். 14 ஹேண்டிகேப்பில் உங்கள் ஸ்கோரைத் தின்பது அந்த அடிகள்தான்.

"ஃபேஸ் செத்துவிட்டது" என்பது சுத்தப் பொய். டைட்டானியம் ஃபேஸ் அடிபட அடிபடக் கொஞ்சம் கொஞ்சமாகத் துள்ளல் கூடும், கடைசியில் விரிசல் விடும். 2019இல் பிரிட்டிஷ் ஓபன் போட்டிக்கு முன் தொழில்முறை வீரர் சான்டர் ஷாஃபெலியின் டிரைவரும், 2025 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ரோரி மெக்கில்ராயின் டிரைவரும் சோதனையில் நிராகரிக்கப்பட்டது அளவுக்கு மேல் துள்ளியதால்தான். உங்களுடையதில் விரிசலோ உள்ளே கலகல சத்தமோ இல்லையென்றால் அது நன்றாகத்தான் இருக்கிறது.

எக்ஸ் ஷாஃப்ட்டா? விறைப்பைக் குறிக்கும் எஸ், எக்ஸ் என்ற எழுத்துகளுக்குப் பொது அளவுகோலே கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது. நம் ஊர் "ஃபிட்டிங்" (ஆளுக்கேற்ற மட்டையை அளந்து தேர்வது) எப்படி நடக்கிறது? டெமோ ஹெட் ஒன்று, ஷாஃப்ட் ஒன்று, அடிக்க மழையிலும் வெயிலிலும் கிடந்த ரேஞ்ச் பந்து, அதாவது பயிற்சிப் பந்து. அந்தப் பந்தில் எடுத்த ஸ்பின் எண்ணை நம்பி 68,000 எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். விற்றால் கமிஷன், "உங்களுக்குத் தேவையில்லை" என்று திருப்பி அனுப்பினால் ஒன்றுமில்லை. இதில் யாரைக் குறை சொல்ல?

அப்புறம், கடையில் விலை அதிகம் என்று நீங்கள் தயங்கியது தெரிந்ததும் ஒருவர் வாட்ஸ்அப்பில் வருவார். "டூர் இஷ்யூ ஹெட் (தொழில்முறை வீரர்களுக்கென்று செய்தது), பாங்காக்கிலிருந்து, பாதி விலை." வேகமாக அடிப்பவர்கள்தான் இவர்களின் இலக்கு, "சாதாரண ஹெட் உங்களுக்குப் பத்தாது சார்" என்றதும் குளிர்ந்துவிடுகிறோம். நானே ஒருமுறை வாங்கினேன். மூன்றாவது வாரம் ஹெட் பிளந்தது. ஃபேஸில் காந்தம் ஒட்டினால் அது போலி. ஒட்டாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, போலியிலும் டைட்டானியம் வருகிறது. ஹோசலில் (ஷாஃப்ட் ஹெட்டோடு சேரும் கழுத்தில்) உள்ள வரிசை எண்ணை நிறுவனத்துக்கே அனுப்பிக் கேளுங்கள். எண்ணைத் தர விற்பவர் இழுத்தடித்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

ஊட்டி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், யாரும் இதைச் சொல்வதில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு. பந்தைத் தடுக்கும் காற்றும் குறைவு, தூக்கிப் பிடிக்கும் காற்றும் குறைவு. கோவையில் 250 கெஜம் போகும் அடி அங்கே 265ஐத் தொடும், கடையில் அளக்கும் கருவியான லாஞ்ச் மானிட்டர் இதைக் காட்டாது. தூக்கும் காற்று குறைவாக இருப்பதால் பந்து மிதக்க உயரமும் ஸ்பினும் இன்னும் கொஞ்சம் தேவை. கோவையிலேயே 2,150இல் தட்டையாகப் பறக்கும் பந்து அங்கே சீக்கிரம் இறங்கிவிடும். "மலைக் காற்றுக்கு லோ ஸ்பின்" என்று யாராவது சொன்னால் நேர் எதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி எதிர்க்காற்றில் மட்டும் லோ ஸ்பின் உதவும், அதற்கு டீயைச் சற்றுத் தாழ்த்திப் பாதி வேகத்தில் அடித்தாலும் போதும் என்று சொல்வார்கள், அதையும் நம்பாதீர்கள்: தாழ்த்தினால் பந்து கீழே பட்டு ஸ்பின் ஏறும். வேகத்தை மட்டும் குறையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் பெரிய புள்ளி வைத்து, அது ஃபேஸைப் பார்க்கும்படி டீயில் வையுங்கள். அடித்ததும் ஃபேஸில் அச்சு விழும். நீங்கள் ரவுண்டில் ஆடும் அதே பந்தில் 12 அடியுங்கள், ஒன்றையும் ஒதுக்காதீர்கள். அச்சுகள் கீழே குவிந்திருந்தால், பந்தில் பாதி ஹெட்டுக்கு மேலே தெரியும்வரை டீயை உயர்த்துங்கள். ஃபேஸின் குதிகால் பக்கமும் (ஷாஃப்ட்டை ஒட்டிய பக்கம்) நுனிப் பக்கமும் சிதறியிருந்தால் கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே பிடித்து இன்னொரு 12 அடியுங்கள். அப்போது சிதறல் குறைந்தால் உங்கள் ஷாஃப்ட் தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறது, அதை வெட்ட சில நூறு ரூபாய்தான் ஆகும்.

அச்சுகள் நடுவில் குவிந்தும் ஸ்பின் 3,000ஐத் தாண்டினால் எல்எஸ் பற்றிப் பேசுவோம். அப்போதும் இரண்டு டிரைவர்களையும் மூன்று மூன்று பந்தாக மாற்றி மாற்றி அடித்து, இரண்டுக்குமே சராசரி போட்டுக் கேளுங்கள். சராசரி தர மறுத்தால் அந்தச் சீட்டை வாங்காமலே வந்துவிடுங்கள்.