சிவகார்த்திகேயனுக்கு சினிமாவில் 'பிரேக்' கிடைத்தது எப்படி?

அதுவரை சின்ன வேடங்களில் வந்த நடிகரை நம்பித் தயாரிப்பாளர்கள் தனிப் படமே எடுக்கத் துணியும் கட்டத்தைத்தான் பிரேக் என்கிறோம்.

சிறைத்துறை அதிகாரியின் மகனான சிவகார்த்திகேயன், திருச்சியில் பொறியியல் படித்தவர். கல்லூரிக் காலத்திலேயே தந்தையை இழந்தார். பலகுரல் திறமை அவரை விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு' நகைச்சுவைப் போட்டி மேடைக்குக் கொண்டுவந்தது. பிறகு 'அது இது எது' நிகழ்ச்சியின் தொகுப்பாளர். என் பார்வையில் அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் அதுதான்: எதிரில் இருப்பவர் பேசி முடித்த அடுத்த நொடியே பதில் கொடுக்க வேண்டும், எழுதிவைத்த வசனம் கைகொடுக்காது. அந்த டைமிங்தான் பின்னாளில் அவர் படங்களின் நகைச்சுவைக்கு உயிர் கொடுத்தது.

2012-ல் இயக்குநர் பாண்டிராஜின் 'மெரினா'வில் நாயகன். அதே ஆண்டு '3' படத்தில் தனுஷின் நண்பன். 2013-ல் தனுஷ் தயாரித்த 'எதிர்நீச்சல்', அடுத்து 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்'. பிரேக் அங்கேதான் உறுதியானது.

ஊருக்குப் பழக்கமான மளிகைக்கடைக்காரர் ஓட்டல் திறந்தால் முதல் நாள் கூட்டம் வரும். மறுநாள் வருவது சாப்பாட்டைப் பொறுத்தது. டிவி முகமும் அப்படித்தான்.

டிவியில் பிரபலமானால் சினிமா தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, வீட்டில் இலவசமாகப் பார்த்தவரைக் காசு கொடுத்துப் பார்க்க வைப்பது இன்னும் கடினம்.