ஒரு செமஸ்டர் பிரான்சில்: பாண்டி, கடலூர் மாணவர்கள் கேட்டதும் என் பதிலும்

நான் பாண்டியில் படித்துக்கொண்டிருந்தபோது பரிமாற்ற மாணவியாக லியோனில் ஒரு செமஸ்டர் இருந்துவிட்டு வந்தேன். இப்போது வெளிநாட்டுக்குக் கிளம்பும் ஜூனியர்களுக்கு காகித வேலைகளில் உதவிக்கொண்டிருக்கிறேன். வந்த கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதில்கள் பிரான்ஸை வைத்துத்தான் இருக்கும், நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் கேட்பதும் அதைத்தான்.

லாஸ்பேட்டையிலிருந்து: அக்கா, எக்ஸ்சேஞ்ச் என்றால் அந்த ஊர் காலேஜுக்கு ஃபீஸ் கட்டணுமா?

கட்ட வேண்டாம். இரண்டு கல்லூரிகளுக்கும் ஒப்பந்தம் இருந்து, அதன் கீழ் நீங்கள் தேர்வாகிப் போனால் இங்கே கட்டும் ஃபீஸை இங்கேயே கட்டிக்கொண்டு போகலாம், அங்கே டியூஷன் ஃபீஸ் கிடையாது. பிரான்சில் பெரும்பாலான மாணவர்கள் கட்டும் சேவெக் என்ற கட்டணம்கூட பரிமாற்ற மாணவர்களுக்கு இல்லை. ஆனால் ஒப்பந்தம் இல்லாமல் ஏஜென்ட் யாராவது "ஒரு செமஸ்டர் புரோகிராம்" என்று விற்றால் அது வேறு கதை, அதற்கு முழுப் பணம் கேட்பார்கள். முதலில் உங்கள் கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் போய் எந்தெந்த ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கேளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலில் பாதி காலாவதி ஆகியிருக்கும்.

கடலூர் முதுநகரிலிருந்து: அங்கே படித்த பேப்பர் எல்லாம் இங்கே கணக்கில் வருமா? எங்கள் சீனியர் ஒருவருக்கு வரவில்லை, திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினார்.

எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் முக்கியம். எல்லாரும் விசா, டிக்கெட், ஜாக்கெட் என்று ஓடுகிறார்கள், இதைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் செமஸ்டர் நல்லபடி முடியுமா என்பது பிரான்சில் முடிவாவதில்லை, கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு உங்கள் கல்லூரி தேர்வுப் பிரிவில் முடிவாகிறது.

லேர்னிங் அக்ரிமென்ட் என்று ஒரு காகிதம் உண்டு. அங்கே என்னென்ன பேப்பர் எடுக்கப் போகிறீர்கள் என்று அதில் எழுதி நீங்கள், உங்கள் கல்லூரி, அந்தக் கல்லூரி மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் ஹெச்ஓடியிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். போதாது. அங்கே எடுக்கும் இந்தப் பேப்பர் இங்கே இருக்கும் இந்தப் பேப்பருக்கு ஈடு என்று பேப்பர் வாரியாகத் தனியாக ஒரு கடிதம் வேண்டும், அதில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒப்புதல் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி இல்லையென்றால் முதல்வர் சரி என்று சொன்னாலும் செல்லாது, பல்கலைக்கழகம்தான் சொல்ல வேண்டும், அதற்கு இன்னும் நாளாகும்.

அப்புறம் கிரெடிட் கணக்கு. ஐரோப்பாவில் ஈசிடிஎஸ் என்ற முறை, ஒரு செமஸ்டருக்கு 30. அங்கே ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டில் படிப்பது, பரீட்சை எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம்மிடம் ஒரு கிரெடிட் என்பது ஒரு செமஸ்டரில் சுமார் 15 மணி நேர வகுப்பு, நாம் வகுப்பை மட்டும்தான் எண்ணுகிறோம். அதனால் அவர்களுடைய 30-ஐ நம்முடைய 30 என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஒன்றுக்கு ஒன்று என்று நீங்களாக நினைத்துக்கொண்டும் போகாதீர்கள். இங்கே இருக்கும் நாலு கிரெடிட் பேப்பருக்கு அங்கே எத்தனை கிரெடிட் வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஈடே இல்லாத பேப்பர் ஒன்றிரண்டு எப்படியும் இருக்கும். அதை ஸ்வயம் என்ற இந்திய அரசின் ஆன்லைன் படிப்பு மூலம் முடிக்கலாமா, வந்த பிறகு எழுதலாமா, அப்படி எழுதினால் அரியர் என்று பதிவாகுமா, எல்லாவற்றையும் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். தேர்வுப் பிரிவில் "இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்பா" என்பார்கள், அந்த அப்புறத்தில்தான் உங்கள் சீனியர் மாட்டியிருப்பார்.

இன்னொன்று, அங்கே போய்ச் சேர்ந்த முதல் இரண்டு வாரத்தில் டைம்டேபிள் இடிக்கும், ஒரு பேப்பரையாவது மாற்ற வேண்டி வரும். மாற்றினால் அக்ரிமென்டையும் மாற்றி மூன்று கையெழுத்தும் மறுபடி வாங்க வேண்டும். மெயிலில் முடிந்துவிடும் வேலைதான், அன்றே செய்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: அங்கே மார்க் கம்மியாகப் போடுவார்களாமே, என் சிஜிபிஏ போய்விடாதா?

20-க்குத்தான் மார்க். 10 வந்தால் பாஸ், 12 பரவாயில்லை, 14 நல்ல மார்க், 16 வந்தால் மிக நன்று என்று சான்றிதழிலேயே வரும். 18, 19 எல்லாம் அபூர்வம். ஆகவே 14-ஐ நூற்றுக்கு 70 என்று நேராகப் பெருக்கினால் உங்களுக்கு அநியாயம். சில கல்லூரிகள் மாற்று அட்டவணை வைத்திருக்கின்றன, சில கல்லூரிகள் பாஸ் என்று மட்டும் போட்டு சிஜிபிஏவில் சேர்ப்பதில்லை. இரண்டில் எது என்று அந்த ஈட்டுக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

வகுப்பு முறையும் வேறு. பெரிய ஹாலில் நடக்கும் லெக்சருக்கு வருகைப் பதிவு பெரும்பாலும் இருக்காது, ஆனால் தேதே என்ற சிறிய குழு வகுப்புக்குக் கட்டாயம் போக வேண்டும், அங்கேதான் தொடர் மதிப்பீடு நடக்கும். ஃபெயில் ஆனால் மறுதேர்வு உண்டு, ஆனால் பல இடங்களில் அது ஜூன் மாதம் நடக்கும், நீங்கள் ஜனவரியிலேயே ஊருக்கு வந்திருப்பீர்கள். கிளம்பும் முன்பே பேராசிரியரிடம் இதைப் பேசி வைக்க வேண்டும்.

வில்லியனூரிலிருந்து: விசா எப்போது ஆரம்பிக்கணும்?

செப்டம்பரில் வகுப்பு என்றால் ஏப்ரல், மே மாதமே. 90 நாளுக்கு மேல் தங்குவதால் முதலில் வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பான கேம்பஸ் பிரான்ஸ் வழியாக ஆன்லைனில் விண்ணப்பம், பிறகு ஒரு நேர்காணல், அதன் பிறகுதான் விசா விண்ணப்பமும் கைரேகையும். நேர்காணலில் பயமுறுத்த மாட்டார்கள். ஏன் இந்தக் கல்லூரி, ஏன் இந்தப் பேப்பர்கள், வந்து என்ன செய்வீர்கள், இவ்வளவுதான். லேர்னிங் அக்ரிமென்ட் போட்டவர்களுக்கு இந்தப் பதில் தானாக வரும்.

ஆறு மாதம் வரைக்குமான விசா என்றால் அது முடியும் தேதியில் கிளம்பிவிட வேண்டும், அங்கே போய் நீட்டிக்க முடியாது. இரண்டாவது செமஸ்டரும் இருக்கலாமோ என்ற எண்ணம் இருந்தால் இங்கேயே ஒரு வருடத்துக்குக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேலான விசாவை மட்டும் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அப்பா: பையன் ஆசைப்படுகிறான்மா. மொத்தம் எவ்வளவு ஆகும்? அங்கே பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிக்கிறேன் என்கிறான்.

ஐயா, உள்ளதைச் சொல்கிறேன். விசாவுக்குப் பல வருடமாக மாதம் 615 யூரோ கையில் இருப்பதாகக் காட்டச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் அதில் வாழ்வது கஷ்டம். பாரிஸ் இல்லாத ஊரில் மாதம் 700 முதல் 900 யூரோ வைத்துக்கொள்ளுங்கள், பாரிஸ் என்றால் அதற்கும் மேல். ஐந்து மாதத்துக்கு நாலு லட்சத்தை ஒட்டி வரும், டிக்கெட்டும் இன்சூரன்ஸும் தனி. பணத்தைக் கடைசி வாரத்தில் மொத்தமாக அக்கவுண்டில் போட்டுக் காட்டாதீர்கள், எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். வருடத்துக்கு 10 லட்சம் வரை வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் என்ற வரியை வங்கி பிடிப்பது இல்லை, அந்தக் கவலை வேண்டாம்.

வேலையை நம்பி அனுப்பாதீர்கள். வருடத்துக்கு 964 மணி நேரம் என்று தம்பி படித்திருப்பார், அது நீண்டகால மாணவர் அனுமதி உள்ளவர்களுக்கு. நாலைந்து மாதத்தில் மொழி பழகி, வேலை தேடி, பரீட்சையும் எழுதுவது நடக்காது. வாடகைக்கு அரசு உதவி வரும் என்பதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குப் பதிலாக ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் இருக்கிறது, பிரெஞ்சு அரசு இந்திய மாணவர்களுக்குத் தரும் ஷார்பாக் ஸ்காலர்ஷிப்பில் பரிமாற்ற மாணவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 1992-இல் இயற்பியல் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஷார்பாக் பெயரில் அமைந்தது. பணம் இல்லை என்பதால் மட்டும் தம்பியை நிறுத்திவிடாதீர்கள், ஒரு வருடம் முன்னதாக ஆரம்பித்தால் வழி இருக்கிறது.

முத்தியால்பேட்டையிலிருந்து: எங்கள் தாத்தா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எனக்கு விசா தேவையே இல்லை என்கிறார்கள் வீட்டில்.

தாத்தா பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கினார் என்பதால் மட்டும் உங்களுக்கு எதுவும் வராது. 1962 ஆகஸ்டில் பாண்டியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது யார் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள், அது உங்கள் அப்பா அல்லது அம்மா வரை வந்ததா, அதற்குப் பதிவு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதையும் யோசியுங்கள். அந்த விசாரணை வருடக்கணக்கில் இழுக்கும். உங்களிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் மற்றவர்களைப் போல விசா எடுத்துப் போய்விட்டு வாருங்கள்.

பாகூரிலிருந்து: பிரெஞ்சு தெரியாது. ஆங்கிலம் போதுமா?

ஆங்கில வழிப் பேப்பர் மட்டும் எடுத்தால் வகுப்புக்குப் போதும். வங்கி, டாக்டர், வீட்டுக்காரர் யாரிடமும் போதாது. நமக்குப் பக்கத்திலேயே பாண்டியில் 1889-இலிருந்து பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, இந்த வசதி எல்லா ஊர்ப் பிள்ளைக்கும் வாசலில் கிடையாது. ஆறு மாதம் போங்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து: ரூம் எப்படிப் பிடிப்பது? ஆன்லைனில் ஒருவர் அட்வான்ஸ் அனுப்பினால் சாவி தருகிறேன் என்கிறார்.

அனுப்பாதே தங்கச்சி. வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் கையில் இல்லாமல், ஒரு யூரோகூட வேண்டாம். முதலில் அந்தக் கல்லூரியிடம் க்ரூஸ் என்ற அரசு மாணவர் விடுதியில் பரிமாற்ற மாணவர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேள், பல இடங்களில் இருக்கும், ஆனால் கடைசித் தேதி சீக்கிரமே முடிந்துவிடும். சாவி வாங்கும் அன்று அறையின் நிலையை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். சுவரில் இருக்கும் கறை, உடைந்த கைப்பிடி எல்லாவற்றையும் அதில் எழுதவை, போட்டோ எடுத்துவை, இல்லையென்றால் கிளம்பும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள். வாடகை வீட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம், மாதம் சில யூரோதான்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: ஏழாவது செமஸ்டரில் போனால் பிளேஸ்மென்ட் போய்விடுமா?

பெரும்பாலும் போய்விடும். ஐந்தாவது அல்லது ஆறாவது செமஸ்டரில் போங்கள். கடைசி செமஸ்டருக்குப் போகவே போகாதீர்கள், அங்கிருந்து மார்க் சான்றிதழ் வர இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை இங்கே டிகிரி நிற்கும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா: பொண்ணுக்கு என்னென்ன கட்டிக் கொடுக்கலாம்? கருவாடு விடுவார்களா?

விடுவார்கள் அம்மா! மீன் வகை சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகலாம், நெத்திலிக் கருவாடு தாராளமாகக் கொடுங்கள். வாசனை வெளியே வராதபடி இரண்டு மூன்று கவரில் போட்டுக் கட்டுங்கள், பக்கத்து அறைப் பிள்ளைகளுக்காகவும்தான். ஆனால் நெய் கூடாது, பால்கோவா, மைசூர்பாகு மாதிரி பாலும் நெய்யும் சேர்ந்தது கூடாது, இறைச்சி கூடாது, பச்சைக் கறிவேப்பிலை கூடாது. பழத்தில் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் தவிர மற்றது வேண்டாம். மிளகாய்த்தூள், சாம்பார் பொடி, பருப்புப் பொடி, புளி போதும். அரிசி அங்கேயே கிடைக்கும். பாரிஸ் பக்கம் போனால் லா ஷாப்பேலில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, முருங்கைக்காய் முதல் இட்லி அரிசி வரை வாங்கலாம். மாத்திரை எடுக்கும் பெண் என்றால் டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும். போனில் பேசும்போது கோடையில் மூன்றரை மணி நேரம் அவர்கள் பின்னால் இருப்பார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நாலரை மணி நேரம். நீங்கள் காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே விடிந்திருக்காது, சாயங்காலம் கூப்பிடுங்கள்.